நிலைவாசலில் நின்று கற்கும் வடிவியல்

செட்டிநாட்டு வீடு தெருவிலிருந்து தெருவுக்கு நீளும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக அமைந்த அந்த நீள்மனையில் திண்ணை, முகப்பு, முற்றத்தைச் சூழ்ந்த வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு எனப் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றை இணைக்கும் வாசல்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. தலைவாசலில் நின்று உள்ளே நோக்குவார்க்கு நிலைக்குள் நிலை, அந்நிலைக்குள் மற்றொரு நிலை எனக் கதவுநிலைகள் சிறுத்துக்கொண்டே சென்று, கொல்லைப்புற வெளிச்சம் ஒரு சிறு வெண்கட்டமாகத் தெரியும். இடையில் முற்றங்களில் வெயில், பத்திகளில் நிழல், மறுபடியும் வெயில், மறுபடியும் நிழல். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுவரை, பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் ஈட்டிய பொருள்கொண்டு நகரத்தார் என்னும் வணிகர் எழுப்பிய இவ்வில்லங்களைக் காண வருவோர் தேக்குத் தூண்களையும் நிலைக்கதவின் செதுக்கு வேலையையும் கண்டு வியக்கின்றனர். எனக்கு அவற்றினும் பெரிய வியப்பு இந்த நேர்கோடுதான். இயலுறு தோற்ற வரைவின், அதாவது ஓவியப் பள்ளிகளில் பெர்ஸ்பெக்டிவ் என்று வழங்கும் துறையின், அடிப்படைகள் அனைத்தையும் அந்த ஒரு கோட்டின் மேல் நின்றே கற்றுவிடலாம்.

நம் பள்ளிகளில் இத்துறை பெரும்பாலும் செய்முறைக் குறிப்பாகவே புகட்டப்படுகிறது. தாளின் நடுவே ஒரு புள்ளியை இடு, குறுக்கே ஒரு கோடு போடு, நான்கு மூலைகளிலிருந்தும் புள்ளிக்குக் கோடு இழு, அறை ஒன்று உருவாகிவிடும் என்பார்கள். உருவாகவும் செய்கிறது. ஆயின் அப்புள்ளி ஏன் அங்கே இருக்க வேண்டும், அக்கோடு எந்த உயரத்தில் நிற்க வேண்டும், தூண்களுக்கு இடையே எவ்வளவு விட வேண்டும் என்று கேட்கும் மாணவர்க்கு விடை கிடைப்பதில்லை. விடை தெரியாத கை, கண்ணால் ஒன்றைக் கண்டும் பழக்கத்தால் வேறொன்றை வரைகிறது. இதற்கு மருந்து அளவுநாடாவும் ஒரு கண்ணாடித் தகடுமே என்பது என் துணிபு.

ஒளி நேர்கோட்டில் செல்கிறது. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் புறப்படும் கதிர் கண்ணை வந்தடைவதால்தான் பார்வை நிகழ்கிறது. இவ்வுண்மையை ஆய்வுகளோடு நிறுவி 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒளியியல் பெருநூல் ஒன்றை எழுதியவர் பசுராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இபுனு அல் ஐதம். கண்ணிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கை அவரால் வலுவிழந்தது. அவர் நூல் இலத்தீன மொழிக்குச் சென்று ஐரோப்பியரின் ஒளியியலுக்கு அடித்தளமாயிற்று. பொருளிலிருந்து கண்ணுக்கு வரும் அக்கதிர்களின் குறுக்கே ஒரு கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்துக. ஒவ்வொரு கதிரும் அக்கண்ணாடியை ஒரு புள்ளியில் துளைத்துச் செல்லும். அப்புள்ளிகளை எல்லாம் மையால் குறித்துவிட்டால் கண்ணாடியின்மேல் கிடைப்பதே இயலுறு தோற்றம். இந்தக் கண்ணாடிக்குப் படத்தளம் என்று பெயர். இலியோனார்தோ தா வின்சி தம் குறிப்புகளில் இதையே வலியுறுத்துகிறார். கண்ணாடியின் மேல் மரத்தை வரைந்து பழகும் முறையையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். இத்துறையின் பிற விதிகள் எல்லாம் இந்த ஒரு செய்தியிலிருந்து கிளைத்தவை.

செட்டிநாட்டில் கண்ணாடித் தகட்டுக்குப் பஞ்சமில்லை. ஆத்தங்குடித் தரைக்கல் கண்ணாடியின் மேல்தான் பிறக்கிறது. சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, பூ வடிவ அச்சை அதன்மேல் இருத்தி, வண்ணக் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சை எடுத்தபின் உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த தூளைத் தூவி, மேலே ஈரக் கலவையை அழுத்தி நிரப்புகிறார்கள். சூளையில் சுடுவதில்லை, நீரில் ஊறவைத்தே இறுக வைக்கிறார்கள். கல் உலர்ந்து கண்ணாடி விலகும்போது கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்தில் தங்கிவிடுகிறது. அப்படியொரு தகட்டை முகப்பில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, மறுகண்ணை அதிலிருந்து 60 செ.மீ. தொலைவில் அசையாமல் வைத்து வளவின் தூண்களைப் பார்க்க வேண்டும். ஒரு கண், ஓரிடம் என்ற இரண்டும் இங்கே கட்டாயம். தலை ஒரு விரற்கடை நகர்ந்தாலும் கதிர்கள் வேறு புள்ளிகளில் துளைக்கும், படம் மாறிவிடும்.

3 மீட்டர் உயரத் தூண் ஒன்று கண்ணிலிருந்து 6 மீட்டர் தொலைவில் நிற்கிறது என்று கொள்வோம். கண்ணாடியில் அதன் உயரம் எவ்வளவு? கண்ணை முனையாகக் கொண்ட இரண்டு வடிவொத்த முக்கோணங்கள் விடை தருகின்றன. தூணின் உயரத்தைக் கண்ணாடித் தொலைவால் பெருக்கித் தூணின் தொலைவால் வகுக்க வேண்டும். 30 செ.மீ. வருகிறது. அடுத்த தூண் 12 மீட்டரில் நின்றால் 15 செ.மீ.; 18 மீட்டரில் 10; 24 மீட்டரில் 7.5, 30 மீட்டரில் 6. தொலைவு இரட்டித்தால் உருவம் பாதியாகிறது. மும்மடங்கானால் மூன்றில் ஒன்றாகிறது. தூண்களின் வரிசையில் ஒன்று, அரை, மூன்றிலொன்று, கால், ஐந்திலொன்று என்னும் பின்ன வரிசை நிற்கிறது. கற்போர் செய்யும் முதற் பிழை இங்கேதான் நிகழ்கிறது. ஒவ்வொரு தூணையும் முந்தியதைவிட ஒரே அளவு குறைத்து வரைகின்றனர். சற்றுத் தேர்ந்தோர் ஒரே மடங்கில் குறைக்கின்றனர். இரண்டும் தவறு. மேற்கண்ட கணக்கில் குறைவுகள் 15, 5, 2.5, 1.5 என வருகின்றன. முதற்குறைவின் மூன்றிலொரு பங்கு இரண்டாவது. அதன் பாதி மூன்றாவது. அதன் ஐந்தில் மூன்று பங்கு நான்காவது. மடங்கும் நிலையாக நிற்பதில்லை. முதலிரு தூண்களுக்கு இடையே பெரும் பாய்ச்சல், பிறகு விரைவாக நெருக்கம், பிறகு மெல்லிய நெருக்கம் என்று இயற்கை நடக்கிறது.

ஓவியர்கள் கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து ஒரு கண்ணால் அளப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். அங்கே பென்சிலே படத்தளம். முழங்கை மடங்காமல் நீட்டச் சொல்வது ஏன் என்றால், கண்ணுக்கும் பென்சிலுக்கும் இடையேயுள்ள தொலைவு மாறக் கூடாது என்பதற்காகவே. கை ஒருமுறை மடங்கி ஒருமுறை நீண்டால் அளவுகோலே ஒவ்வொரு தூணுக்கும் மாறுகிறது.

அடுத்தது கண்மட்டம். நின்ற நிலையில் ஒருவரின் கண் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்றால், அந்த உயரத்தில் கிடையாகப் பாயும் பார்வை கண்ணாடியைத் துளைக்கும் கோடே கண்மட்டக் கோடு. கடற்கரையில் இதையே அடிவானம் என்கிறோம். ஒரே தரையில் நிற்கும் எல்லாத் தூண்களையும் இக்கோடு ஒரே உயரத்தில் வெட்டும். 3 மீட்டர்த் தூண்கள் என்றால், அருகிலிருப்பது ஆயினும் தொலைவிலிருப்பது ஆயினும் நடுவில் வெட்டும். அதே ஓவியர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தால் கண் 75 செ.மீ.க்கு இறங்கும், இப்போது எல்லாத் தூண்களும் கால் பங்கு உயரத்தில் வெட்டப்படும். தூண்கள் உயர்ந்துவிட்டன போலவும் தரை ஒடுங்கிவிட்டது போலவும் தோன்றும். படத்தில் மாந்தரை நிறுத்தும்போது இவ்விதி மிகப் பயன்படும். ஓவியரின் உயரமே உடையவர் அதே தரையில் எவ்வளவு தொலைவில் நின்றாலும் அவர் கண்கள் கண்மட்டக் கோட்டின்மேல் இருக்கும். பாதம் மட்டுமே மேலேறும். ஆனால் வளவின் முற்றம் பத்தியைவிடத் தாழ்ந்தது என்பதை மறக்கலாகாது. முற்றத்தில் இறங்கி நிற்பவரின் கண்கள் அப்படித் தாழ்ந்த அளவுக்குக் கோட்டின்கீழ் நிற்கும். அதைத் தவறவிட்ட படத்தில் முற்றம் முற்றமாகத் தெரியாது. பத்தியோடு பத்தியாகக் கிடக்கும்.

இனி அந்தப் புள்ளி. வாசல் வரிசைக்கு இணையாக ஓடும் கோடுகள் எத்தனையோ: பத்தியின் ஓரம், தரைக்கல்லின் இடுக்கு, தூண்களின் மேல் கிடக்கும் உத்தரம், கூரையின் இறவாணம். இவை உண்மையில் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. கண்ணாடியிலோ எல்லாம் மறைபுள்ளி எனப்படும் ஒரு புள்ளியை நோக்கி விரைகின்றன. காரணம் எளிது. கோட்டின்மேல் உள்ள ஒரு புள்ளி தொலைவில் செல்லச் செல்ல, அதிலிருந்து கண்ணுக்கு வரும் கதிர் அக்கோட்டுக்கே மேன்மேலும் இணையாகிக்கொண்டு வருகிறது. எல்லையில்லாத் தொலைவில் முழுதும் இணையாகிவிடும். ஆகவே ஒரு திசையில் செல்லும் இணைகோடுகளின் மறைபுள்ளியைக் காண, கண்ணிலிருந்து அதே திசையில் ஒரு கதிரை விட்டு அது கண்ணாடியைத் துளைக்குமிடத்தைக் குறித்தால் போதும். திசை ஒன்றுக்குப் புள்ளி ஒன்று. கிடைத்திசைக் கோடுகள் யாவற்றுக்கும் புள்ளி கண்மட்டக் கோட்டிலேயே அமையும். கண்ணாடிக்கு இணையாக ஓடும் கோடுகளுக்குப் புள்ளியே இல்லை. அதனால்தான் எதிர்ச்சுவரின் விளிம்புகள் சாயாமல் கிடக்கின்றன. மறைபுள்ளி வீட்டில் எங்கும் இல்லை, பார்ப்பவரோடு நகர்வது அது என்பதைக் கற்பவர் ஒருமுறை உணர்ந்துவிட்டால் போதும். வாசலின் நடுவில் நின்றவர் இடப்பக்கம் இரண்டடி நகர்ந்தால் புள்ளியும் இரண்டடி நகரும். நிலைகள் ஒன்றன்பின் ஒன்று ஒளிந்து, கொல்லையின் வெண்கட்டம் மறைந்துபோகும். சுவரில் மாட்டிய பெல்ச்சியக் கண்ணாடியில் எதிரொளிக்கும் பத்திக்கும் இதே விதிதான். அக்கோடுகளும் தம் திசைக்குரிய புள்ளியைத் தேடியே செல்லும்.

இந்த வடிவியலை ஓவியத்தில் முதன்முதல் நிறுவிக் காட்டியவர் புளோரன்சு நகரக் கட்டடக் கலைஞர் புரூனெலெசுகி. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் தம் நகரப் பேராலயத்தின் நடுவாசலுக்குள் சற்றுத் தள்ளி நின்று, எதிரேயுள்ள திருமுழுக்குக் கோயிலைப் பலகையில் தீட்டினார். அப்பலகையில் துளையிட்டுப் பின்புறமிருந்து ஒரு கண்ணால் நோக்கச் செய்து, எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் எதிரொளியைக் காட்டினார் என்று அவர் வரலாற்றை எழுதிய மானெத்தி கூறுகிறார். ஒரு வாசல், ஒரு கண், ஒரு கண்ணாடி. துளை எதற்கு என்பது இப்போது விளங்கும். பார்ப்பவரின் கண் ஓவியரின் கண் இருந்த இடத்தைவிட்டு அகலக் கூடாது.

இந்த வடிவியலை முறைப்படுத்தி 1435இல் எழுதியவர் இத்தாலிய அறிஞர் ஆல்பெர்த்தி. அவர் தம் மாணவர்க்கு முதலில் கற்பித்தது கட்டங்கட்டமாகத் தளமிட்ட தரை ஒன்றை வரைவது. செட்டிநாட்டார்க்கு இதைவிட உவப்பான பாடம் உண்டோ! படத்தின் அடிக்கோட்டை ஒரே அளவுள்ள பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் மறைபுள்ளிக்குக் கோடு இழுக்க வேண்டும். தரைக்கற்களின் நெடுக்கு இடுக்குகள் வந்துவிடும். குறுக்கு இடுக்குகள் எங்கெங்கே விழும் என்பதே சிக்கல். அக்காலத்து ஓவியர் சிலர் ஒவ்வோர் இடைவெளியையும் முந்தியதன் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டே போயினர். ஆல்பெர்த்தி அதைக் கடிந்து ஒதுக்குகிறார். மடங்கு நிலையாக நிற்பதில்லை என்று மேலே கண்டோம் அல்லவா, அதே பிழைதான். பக்கத் தோற்றம் ஒன்றைத் தனியே வரைந்து கதிர்கள் படத்தளத்தை வெட்டும் உயரங்களை எடுத்துக்கொள்வது அவர் வழி. விளைவு சரிதானா என்று பார்க்க மூலைவிட்டத்தைச் சான்றாக வைத்தார்: ஒரு கல்லின் மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இழுத்த கோட்டை நீட்டினால், அது அடுத்தடுத்த கற்களின் மூலைகளையும் தவறாமல் தொட்டுச் செல்ல வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் பெரும்பாலும் 8 அங்குலச் சதுரம். சதுரத்தின் மூலைவிட்டம் வாசல் வரிசைக்கு 45 பாகை சாய்ந்து ஓடுகிறது. ஆகவே அம்மூலைவிட்டங்களுக்கும் கண்மட்டக் கோட்டில் ஒரு மறைபுள்ளி உண்டு. கண்ணிலிருந்து 45 பாகையில் புறப்படும் கதிர் கண்ணாடியைத் துளைக்குமிடம், வாசல் வரிசையின் மறைபுள்ளியான நடுப்புள்ளியிலிருந்து சரியாகக் கண்ணாடித் தொலைவு அளவுக்கு அப்பால் இருக்கும்: இங்கே 60 செ.மீ. இதைத் தொலைவுப் புள்ளி என்பர். படம் எவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கப்பட வேண்டும் என்ற செய்தி முழுவதும் அப்புள்ளியில் அடங்கியிருக்கிறது. நெடுக்கு இடுக்குகளை நடுப்புள்ளிக்கும், அடிக்கோட்டின் மூலையிலிருந்து ஒரே ஒரு கோட்டைத் தொலைவுப் புள்ளிக்கும் இழுத்தால், அக்கோடு ஒவ்வொரு நெடுக்கு இடுக்கையும் வெட்டுமிடத்தில் ஒரு குறுக்கு இடுக்கு அமைந்துவிடும். கணக்கே வேண்டாம். புள்ளி தாளுக்கு வெளியே போகும். அதற்காக அதை உள்ளே இழுத்து வைக்கக் கூடாது. தாளை வளவின் தரையிலேயே விரித்து ஒட்டி, வேண்டிய இடத்தில் எடைக்கல்லின்கீழ் நூலை மாட்டி இழுத்தால் வேலை முடிந்தது. தரைக்கல்லில் உள்ள வட்டப் பூவைச் சதுரத்தோடு சேர்த்து வரைந்தால் நீள்வட்டம் எப்படி உருவாகிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும். முற்றத்து ஓரம் கிடக்கும் அண்டாவின் வாய் கண்மட்டத்தை நெருங்க நெருங்கத் தட்டையாகி, கண்மட்டத்தில் வெறுங்கோடாவதையும் அங்கேயே காணலாம்.

தூண்களுக்கும் மூலைவிட்டம் துணை செய்கிறது. முதலிரு தூண்களைக் கண்ணால் அளந்து வரைந்த பின், இரண்டாம் தூணின் நடுவைக் குறித்து, முதல் தூணின் உச்சியிலிருந்து அந்நடு வழியே கோடு இழுத்தால் அது தரையைத் தொடுமிடம் மூன்றாம் தூணின் அடி. இப்படியே அடுத்ததும் அதற்கடுத்ததும். ஒரே இடைவெளியுடைய தூண்வரிசை எவ்வளவு நீண்டாலும் இதுவே போதும். இராமேசுவரம் கோயிலின் வெளிச்சுற்றுத் திருநடையை வரைய முயன்றவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

வளவில் நின்று மேலே நோக்கினால் பாடம் ஒருபடி உயர்கிறது. முற்றத்தின் நான்கு புறமும் ஓட்டுக்கூரை உள்நோக்கிச் சரிகிறது. எதிர்ப்புறக் கூரை நம்மைவிட்டு விலக விலக உயர்கிறது. அதன் கைமரங்களின் மறைபுள்ளி, நடுப்புள்ளிக்கு நேர்மேலே, கண்மட்டத்தைவிட உயரத்தில் நிற்கும். சரிவு 30 பாகை என்று கொண்டால் நம் கண்ணாடியில் ஏறத்தாழ 35 செ.மீ. மேலே. நம் தலைக்கு மேலுள்ள கூரையோ விலக விலகத் தாழ்கிறது. அதன் கைமரங்கள் அதே 35 செ.மீ. கண்மட்டத்துக்குக் கீழே ஒரு புள்ளியைத் தேடிச் செல்கின்றன. இடவலக் கூரைகளின் கைமரங்கள் கண்ணாடிக்கு இணையாகச் சாய்ந்திருப்பதால் குவிவதே இல்லை; அவற்றின் இறவாணம் மட்டும் நடுப்புள்ளிக்குப் போகிறது. ஒரே முற்றத்தில் மூன்று வகையான நடத்தை. புத்தகப் படத்தைப் பார்த்துப் படியெடுப்பவர் நான்கு கூரைகளையும் ஒரே புள்ளிக்கு இழுத்துக் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

தெருவுக்கு வந்து வீட்டின் மூலையை எதிர்நோக்கி நின்றால் இரண்டு சுவர்த்திசைகள், இரண்டு மறைபுள்ளிகள். இங்கே நான் வலியுறுத்த விரும்பும் ஒரு செய்தி உண்டு. கற்பிப்போர் பலரும் இதைச் சொல்லாமல் விடுகின்றனர். செங்கோணத்தில் சந்திக்கும் இரு சுவர்களையும் ஒரே சாய்வில் பார்த்தால், ஒவ்வொரு புள்ளியும் நடுவிலிருந்து கண்ணாடித் தொலைவு அளவுக்கு அப்பால் இருக்கும். 60 செ.மீ. தொலைவில் பார்க்கும் படத்துக்கு இரு புள்ளிகளின் இடைவெளி 120 செ.மீ. வேண்டும். மாணவரோ 30 செ.மீ. அகலத் தாளின் இரு விளிம்புகளில் இரண்டையும் வைத்துவிடுகிறார். அந்தப் படம் சரியாகத் தோன்ற வேண்டுமானால் கண்ணைத் தாளிலிருந்து 15 செ.மீ. தொலைவில் வைக்க வேண்டும். அதற்கு மேல் எந்தச் சாய்விலும் இடமில்லை. அவ்வளவு அருகில் வைத்து எவரும் பார்ப்பதில்லை. அதனால்தான் வீட்டு மூலை கப்பலின் முகப்புப்போலக் கூர்ந்து முன்னால் பாய்கிறது. விதி பிழைக்கவில்லை, பார்வைத் தொலைவு பிழைத்தது. செல்பேசியின் அகலவில்லைப் படங்களில் ஓரத்துத் தூண்கள் விரிந்து தெரிவதும் இதே காரணத்தால்.

செங்குத்துக் கோடுகள் படத்தில் செங்குத்தாகவே நிற்பது படத்தளம் செங்குத்தாக நிற்கும்வரைதான். பிள்ளையார்பட்டிக் கோபுரத்தின் அடியில் நின்று தலையை உயர்த்தி, படத்தளத்தையும் சாய்த்தால், செங்குத்துகளும் மேலே ஒரு புள்ளியில் குவியத் தொடங்கும். கோபுரம் தன் கட்டுமானத்திலேயே நிலைக்கு நிலை குறுகுவது. அதன்மேல் தொலைவின் குறுக்கமும் சேர்கிறது. இரண்டையும் பிரித்தறியாத கை கோபுரத்தை ஊசியாக்கிவிடும். இதில் தேர்ந்த கை எப்படியிருக்கும் என்று காண விரும்புவோர் ‘சில்பி’யின் கோயில் ஓவியங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். நாமக்கல்லில் 1919இல் பிறந்த பி. எம். சீனிவாசன் என்ற அப்பெருங்கலைஞர், 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்னும் வரிசைக்காகக் கோயில் கோயிலாகச் சென்று அங்கேயே அமர்ந்து வரைந்தவர். ஒரு மண்டபத்தின் தூண்வரிசையில் அவர் காட்டும் நெருக்கத்தை அளவுகோல் வைத்துப் பார்த்துக் கற்கலாம். கோடு அங்கே உயிரோடு இருக்கிறது. கணக்கும் வழுவாமல் இருக்கிறது. கணக்கு வந்தால் கலை போய்விடும் என்று அஞ்சுவோர்க்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

இயலுறு தோற்றம் ஒன்றே உண்மையான வரைவு என்று எவரேனும் சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். செட்டிநாட்டுக்கு அண்டையில், புதுக்கோட்டையை ஒட்டிய சித்தன்னவாசலில், குடைவரையின் மேற்கூரையில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. அங்குள்ள பாண்டியர் காலக் கல்வெட்டு 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. குளம் மேலிருந்து பார்த்ததாக விரிகிறது. தாமரைத் தண்டுகள், மீன்கள், யானை, பூக்கொய்வோர் ஆகிய யாவும் பக்கத்திலிருந்து பார்த்த தோற்றத்தில் நிற்கின்றன. தொலைவிலுள்ளது சிறியது, அருகிலுள்ளது பெரியது என்ற வேறுபாடு இல்லை. இது அறியாமை அன்று. மேற்கூரைக்குக் கீழே மக்கள் நடக்கிறார்கள், அண்ணாந்து பார்க்கிறார்கள், நின்று திரும்புகிறார்கள்; ஒற்றைக் கண் வைப்பதற்கு அங்கே இடமேயில்லை. குளத்தில் என்னவெல்லாம் உண்டோ அவற்றை அவற்றின் தெளிவான வடிவில் காட்டுவதே அவ்வோவியரின் நோக்கம். நகரத்தார் இல்லங்களின் சுவர்களில் தட்டையான தஞ்சாவூர்ப் பலகை ஓவியமும், ஆழம் காட்டும் இரவிவர்மாவின் அச்சுப்படமும் அருகருகே தொங்குவதுண்டு. முதலாவது வழிபடுவோரை நேர்கொண்டு நோக்குகிறது. மற்றது நம்மை ஓரிடத்தில் நிறுத்தி ஓர் அறைக்குள் பார்க்க வைக்கிறது. எதற்கு எது வேண்டும் என்று தேர்ந்துகொள்வது ஓவியர் உரிமை. ஆனால் ஓர் இடத்தில் நின்று ஒரு வீட்டைப் பார்த்தபடி பதிவு செய்வதே நோக்கமாயின், அங்கே வடிவியலுக்கு மாற்று இல்லை.

அப்பதிவு இன்று மிகவும் தேவைப்படுகிறது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெசுகோவின் உலக மரபுரிமைக்கான முன்பட்டியலில் இடம்பெற்றன. எனினும் பங்காளிகள் பலராகி, பேணும் செலவு தாங்காமல், வீடுகள் பிரிக்கப்படுவது நிற்கவில்லை. தூணும் நிலையும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. வீடு போனபின் எஞ்சுவது குடும்பத்தின் பழைய திருமணப் படங்கள்தாம். அவற்றிலிருந்து வீட்டை அளவோடு மீட்கும் வழியும் இதே வடிவியலில் உண்டு. படத்தில் நெடுக்கு இடுக்குகளை நீட்டி மறைபுள்ளியைக் கண்டு, அதன் வழியே கண்மட்டக் கோட்டை இடுக. ஏதேனும் ஒரு குறுக்கு இடுக்கில் ஒரு தரைக்கல் படத்தில் 1 செ.மீ. அகலமாகத் தெரிகிறது, அந்த இடுக்கு கண்மட்டத்துக்கு 7 செ.மீ. கீழே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மைக் கல் ஏறத்தாழ 20 செ.மீ.; ஆகவே படக்கருவி தரையிலிருந்து 140 செ.மீ. உயரத்தில் நின்றது. அதே தரையில் நிற்கும் தூண் ஒன்றின் அடி கண்மட்டத்துக்கு 4 செ.மீ. கீழேயும் உச்சி 6 செ.மீ. மேலேயும் இருந்தால், 4 செ.மீ. என்பது 140 ஆகும்போது 10 செ.மீ. என்பது 350. தூணின் உயரம் மூன்றரை மீட்டர். மணமக்களின் பின்னால் நிற்கும் நிலைக்கதவின் உயரம், பத்தியின் அகலம், முற்றத்தின் நீளம் என ஒவ்வொன்றையும் இவ்வாறே எடுக்கலாம். இதற்கு வேண்டுவன ஓர் அளவுகோல், கூரிய பென்சில், படத்தில் தரையின் ஒரு மூலை. காரைக்குடிப் பள்ளிகளில் வடிவொத்த முக்கோணங்களைக் கற்கும் பிள்ளைகள் தத்தம் வீட்டுப் பழம்படம் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தால், இக்கணக்கை ஒரு பாடவேளையில் செய்து முடிக்கலாம். அளந்ததை நேரில் சரிபார்க்க, இன்னும் நிற்கும் வீடுகள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கின்றன.